எண்ணெய் டின்னுக்கு எதற்கு இரண்டு ஓட்டை?

நந்தி மலை ஏற்றத்தில் பாதி தூரம் போயிருப்போம். காருக்குள் சுட்ட எண்ணெய் வாடை. ஓரங்கட்டி பானெட்டைத் தூக்கினால், ஆயில் அளக்கும் டிப்ஸ்டிக் தன் குழாயிலிருந்து இரண்டு விரற்கடை மேலே எழும்பி நின்றது. சுற்றிலும் ஆயில் தெறித்திருந்தது. யாரும் அதைத் தொடவில்லை. அதற்கு முந்தைய ஞாயிறு அன்று நானே ஒரு கேட்ச் கேன், அதாவது இன்ஜினிலிருந்து வரும் வாயுவில் கலந்த ஆயிலைப் பிடித்து வைக்கும் டப்பா, மாட்டியிருந்தேன். வண்டியில் புதிது என்று சொன்னால் அது ஒன்றுதான்.

பெங்களூர் அல்சூரில் எங்கள் பின்தெருவில் மெக்கானிக் கடை வைத்திருக்கும் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "கேன் நல்ல கேன்தான் தம்பி. காத்து எங்கருந்து எங்க போகுதுன்னு பாக்காம டியூப்ப மாட்டிட்டீங்க."

அந்தக் காற்றின் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

சிலிண்டருக்குள் பெட்ரோல் எரியும்போது பிஸ்டனின் தலையில் பல பத்து பார் அழுத்தம் விழுகிறது. பிஸ்டனைச் சுற்றி இருக்கும் ரிங்குகள் அதில் பெரும்பங்கைத் தடுத்துவிடும், முழுவதையும் அல்ல. புது வண்டியிலும் கொஞ்சம் வாயு ரிங் இடுக்கு வழியாகக் கீழே, கிராங்க் சுழலும் அறைக்குள் நழுவிவிடும். இதற்குத்தான் ப்ளோ-பை என்று பெயர். கீழே ஆயில் நல்ல சூட்டில் தெறித்துக்கொண்டிருக்கிறது. நழுவிய வாயு அந்த ஆயிலின் பொடித் துளிகளையும் சேர்த்து அள்ளிக்கொள்ளும். எரியாத பெட்ரோல் ஆவியும் நீராவியும் ஏற்கெனவே அதில் உண்டு. நீர் எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். பெட்ரோலில் இருக்கும் ஹைட்ரஜன் ஆக்சிஜனோடு சேர்வதால், ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெரும்பகுதி சைலன்சர் வழியாக ஆவியாகப் போய்விடும். கொஞ்சம் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும்.

இந்த வாயுவை வெளியே விடாவிட்டால் அந்த அறைக்குள், அதாவது சம்ப்புக்குள், அழுத்தம் ஏறி, சீல்களைத் தள்ளிக்கொண்டு ஆயில் கசியும். அந்தக் காலத்து வண்டிகளில் அடியில் ஒரு குழாயை வைத்து அப்படியே ரோட்டில் விட்டார்கள். ஆயில் சொட்டிச் சொட்டி சாலை நடுவில் கறுப்புக் கோடே விழுந்திருக்கும். இரண்டாம் உலகப் போரில் ஆழமான தண்ணீரைக் கடக்க வேண்டிய டாங்கிகளில் அடிக்குழாய் சரிப்படவில்லை. வாயுவை இன்ஜினே உறிஞ்சி எரித்துக்கொள்ளும் ஏற்பாடு வந்தது. 1960-களின் தொடக்கத்தில், புகைமூட்டத்தில் திணறிய கலிபோர்னியா அதைக் கார்களுக்கும் கொண்டுவந்தது. இன்று நாம் பி.சி.வி. (பாசிட்டிவ் கிராங்க்கேஸ் வென்டிலேஷன்) என்று சொல்வது இதைத்தான்.

இனிமேல்தான் ஹோஸ் விஷயம். பதினைந்து கிலோ எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டுக் கவிழ்த்தால் குளுக் குளுக் என்று திக்கித் திக்கித்தான் வரும். எதிர்மூலையில் இன்னொரு ஓட்டை குத்தினால்தான் காற்று உள்ளே போய் எண்ணெய் சீராக ஒழுகும். இன்ஜினுக்கும் அதே கணக்கு. பழைய வாயு வெளியே போக ஒரு வழி வேண்டும், அந்த இடத்துக்குப் புதுக் காற்று வர இன்னொரு வழி வேண்டும்.

பெரும்பாலான பெட்ரோல் இன்ஜின்களில் பி.சி.வி. வால்விலிருந்து ஒரு குழாய் மேனிஃபோல்டுக்கு, அதாவது காற்றின் அளவை அடக்கும் திராட்டில் தகட்டுக்கு அப்பால், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் குழாய்த் தொகுதிக்குப் போகும். அது வெளியேறும் வழி. இன்ஜினின் மேல்மூடியான டேப்பட் கவரிலிருந்து இன்னொரு குழாய் ஏர் ஃபில்டருக்கும் திராட்டிலுக்கும் நடுவில் இருக்கும் பைப்பில் போய்ச் சேரும். அது பிரீதர். வடிகட்டிய புதுக் காற்று அந்த வழியாக உள்ளே இறங்கி, சம்ப்பில் இருக்கும் வாயுவைத் தள்ளிக்கொண்டு பி.சி.வி. வழியாக வெளியேறும்.

வண்டி சும்மா நின்று ஓடும்போது திராட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்கும். இன்ஜின் காற்றுக்குத் தவிப்பதால் மேனிஃபோல்டில் உறிஞ்சும் விசை மிக அதிகம். வேக்கம் கேஜ் வைத்துப் பார்த்தால் சென்னையில் 20 அங்குலப் பாதரசம் காட்டும் இன்ஜின் பெங்களூரில் 17 போலக் காட்டும். பயந்துபோய் ரிங் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். ஊர் ஏறக்குறைய 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடலோரத்தில் 760 மில்லிமீட்டராக இருக்கும் காற்றழுத்தம் இங்கே சுமார் 680 தான். குறைந்திருப்பது இன்ஜினின் பலம் அல்ல, வெளிக்காற்றின் அழுத்தம்.

இவ்வளவு விசை நேரடியாக இழுத்தால் சம்ப்பிலிருந்து அளவுக்கு மீறிக் காற்று போய்விடும். அதனால் பி.சி.வி. வால்வுக்குள் ஸ்பிரிங் மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு சின்ன முளை அந்த நேரத்தில் வழியை ஒடுக்கிவிடுகிறது. சீராக ஓட்டும்போது விசை குறையும், முளை விலகும், நிறைய வாயு போகும். ப்ளோ-பை கூடும் நேரமும் அதுதான் என்பதால் கணக்கு சரியாகப் பொருந்துகிறது. எனக்கு இந்த வால்வு மேல் தனி மரியாதை உண்டு. கம்ப்யூட்டர் எதுவும் இல்லாமல், ஒரு ஸ்பிரிங்கை வைத்தே நிலைமைக்குத் தகுந்தபடி நடந்துகொள்கிறது.

இப்போது ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதியுங்கள். திராட்டில் அகலத் திறந்துவிட்டது, மேனிஃபோல்டில் உறிஞ்சும் விசை ஏறக்குறைய இல்லை. ஆனால் ப்ளோ-பை உச்சத்தில் இருக்கிறது. வழக்கமான வழியில் இழுக்க ஆளில்லாததால் வாயு வந்த வழியே திரும்பி, பிரீதர் குழாயில் எதிர்த்திசையில் ஓடும். ஆக, புதுக் காற்று வரும் வாசல் என்று நாம் நினைத்த குழாய், கால் அழுத்தத்தைப் பொறுத்து வெளியேறும் வாசலாகவும் ஆகிறது.

காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் ஊதும் டர்போ இருக்கும் வண்டியில் இது இன்னும் ஒரு படி மேலே. டர்போ வேலை செய்யும்போது மேனிஃபோல்டில் உறிஞ்சுவதற்குப் பதில் ஊதும் அழுத்தம் வந்துவிடுகிறது. அந்த அழுத்தம் சம்ப்புக்குள் திரும்பிப் போகாதபடி பி.சி.வி. வால்வு மூடிக்கொள்ளும். வாயு முழுவதும் பிரீதர் வழியாக டர்போவின் வாய்க்குத்தான் போக வேண்டும். அங்கே டர்போ காற்றை இழுத்துக்கொண்டிருப்பதால் எப்போதும் லேசான உறிஞ்சல் உண்டு.

நான் செய்தது என்ன? கேன் இருக்கும்போது வால்வு எதற்கு என்று பி.சி.வி. வால்வைக் கழற்றிவிட்டேன். டேப்பட் கவரின் இரண்டு குழாய்களையும் ஒரு T வடிவ இணைப்பு போட்டுச் சேர்த்து கேனுக்குள் விட்டேன். கேனிலிருந்து ஒரே குழாய் மேனிஃபோல்டுக்கு. ஏர் பைப்பில் மிச்சமிருந்த துளைக்கு ஒரு மூடி. அதாவது டின்னின் இரண்டாவது ஓட்டையை நானே அடைத்துவிட்டேன். ஊருக்குள் சிக்னல் சிக்னலாக ஊர்ந்தபோது ஐடிலிங் கொஞ்சம் தடுமாறியதோடு சரி. நந்தி ஏற்றத்தில் டர்போ விழித்ததும் அதன் அழுத்தம் மேனிஃபோல்டிலிருந்து கேன் வழியாக நேரே சம்ப்புக்குள் பாய்ந்திருக்கிறது. டிப்ஸ்டிக் எழும்பியது என் அதிர்ஷ்டம். அது எழும்பாமல் இருந்திருந்தால் கிராங்க் சீல் பிதுங்கியிருக்கும்.

சரி, எப்படி மாட்ட வேண்டும்? கேனுக்குள் நடப்பதை முதலில் பார்த்துவிடலாம். குறுகிய ஹோஸில் வேகமாக வரும் வாயு அகலமான கேனுக்குள் வந்ததும் வேகம் குறைகிறது. தடுப்புத் தகடு அதைத் திருப்பிவிடுகிறது. வாயு வளைந்து போய்விடும், கனமான ஆயில் துளி வளைய முடியாமல் தகட்டில் மோதி ஒட்டிக்கொள்ளும். பொடித் துளிகள் வாயுவோடு சேர்ந்தே வளைந்து தப்பிக்கப் பார்க்கும். அவற்றைப் பிடிக்கத்தான் கம்பி வலையோ எஃகுப் பஞ்சோ. உள்ளே வலை எதுவும் இல்லாத பளபளப்பான டப்பாக்களை ஜே.சி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் பார்த்தாலும் வாங்காதீர்கள். கேனின் மூடியைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலும் வலைக்கு முன்னால் திறக்கும் துளைதான் உள்ளே வரும் வழி, வலையைத் தாண்டித் திறப்பது வெளியேறும் வழி. மாற்றிப் போட்டால் வலையில் பிடித்த ஆயிலையே இழுத்து மேனிஃபோல்டுக்கு அனுப்பும்.

டர்போ இல்லாத வண்டியில் வேலை சுலபம். பி.சி.வி. வால்வு இருந்த இடத்திலேயே இருக்கட்டும். வால்விலிருந்து கேனுக்குள், கேனிலிருந்து மேனிஃபோல்டுக்கு. பிரீதரைத் தொடவே வேண்டாம். டர்போ வண்டியில் ஆயில் அதிகம் போவது பிரீதர் வழியாக என்பதால் அந்தப் பாதையிலும் ஒரு கேன் வேண்டும். மூன்று துளை உள்ள கேன் ஒன்றிலேயே வேலையை முடிப்பவர்களும் உண்டு. இன்ஜினிலிருந்து ஒரு துளைக்குள் வந்து, ஒரு ஹோஸ் மேனிஃபோல்டுக்கும் மற்றொன்று டர்போ வாய்க்கும் போகும். இரண்டிலும் ஒன்வே வால்வு கட்டாயம், அம்புக்குறி கேனை விட்டு வெளியே பார்க்க வேண்டும். அண்ணன் எனக்குப் பழைய வால்வைத் திரும்பப் போட்டு, பிரீதருக்கு மட்டும் கேனை மாற்றிக் கொடுத்தார்.

சிலர் கேனின் வெளித்துளையில் ஒரு குட்டி ஃபில்டரைச் சொருகி வாயுவைக் காற்றில் விட்டுவிடுவார்கள். பார்க்க ரேஸ் கார் மாதிரி இருக்கும். வீட்டுக் காருக்கு அது வேண்டாம். நம் ஊர் மாசு விதிகளும் அதை ஒத்துக்கொள்ளாது, வண்டிக்குள் எப்போதும் நாற்றம் வேறு. மேனிஃபோல்ட் பக்கத்துத் துளையைச் சரியாக அடைக்காவிட்டால், அளக்கப்படாத காற்று உள்ளே போய்க் கலவை மெலிந்து இன்ஜின் லைட் எரியும்.

ஹோஸ் வாங்கும்போது ரேடியேட்டர் ஹீட்டர் ஹோஸ் மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுக்காதீர்கள். அந்த ரப்பர் தண்ணீருக்கானது, ஆயில் பட்டால் ஊறி உப்பிவிடும். ஆயிலுக்கும் பெட்ரோலுக்கும் தாங்கும் நைட்ரைல் ஹோஸ் கேளுங்கள். சுவர் மெல்லியதாக இருந்தால் உறிஞ்சலில் தட்டையாகிவிடும். உள்விட்டம் பழைய குழாயைவிடக் குறையவே கூடாது. அப்புறம், ஹோஸ் நடுவில் தொட்டில் மாதிரி தொங்கக் கூடாது. அந்தப் பள்ளத்தில் ஆயிலும் தண்ணீரும் தேங்கி வழியை அடைத்துவிடும். இன்ஜினிலிருந்து கேன் வரை ஒரே சரிவாக இறங்கட்டும். கேனும் டர்போ பக்கத்தில் வெந்துகொண்டிருக்காமல் காற்றுப் படும் மூலையில் இருந்தால் ஆவி நன்றாகக் குளிர்ந்து படியும்.

டீசலில் வழக்கமாக உறிஞ்சும் மேனிஃபோல்ட் கிடையாது. பிரீதர் நேரே டர்போ வாய்க்குப் போகும், நடுவில் கேனை வைத்தால் போதும். ஆனால் நிரம்பிய கேனை மறந்துவிட்டால் இன்ஜின் அந்த ஆயிலையே இழுத்து எரிபொருளாக்கி, சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் அலறும் ஆபத்து உண்டு.

உண்மையில் எல்லா வண்டிக்கும் இது தேவையா என்றால், இல்லை. டேப்பட் கவருக்குள்ளேயே ஆயில் பிரிக்கும் தடுப்புகளை இப்போது கம்பெனியே வைக்கிறது. சிலிண்டருக்குள் காற்றை விடும் இன்டேக் வால்வுக்கு முன்னால் பெட்ரோல் தெளிக்கும் இன்ஜினில் பெட்ரோலே அந்த வால்வைக் கழுவிவிடும். சிலிண்டருக்குள் நேரடியாகத் தெளிக்கும் இன்ஜின்களில்தான் கழுவ எதுவும் இல்லாமல் ஆயில் ஆவி வால்வில் கரியாகப் படிகிறது. என் வண்டி அந்த ரகம், அதனால் வைத்துக்கொண்டேன்.

மாட்டி முடித்ததும் அண்ணன் ஒரு சோதனை செய்தார். வண்டி ஐடிலிங்கில் ஓட, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து வாய் மேல் ஒரு பாலித்தீன் தாளை வைத்தார். அது லேசாக உள்வாங்கி ஒட்டிக்கொண்டது. உப்பி மேலே எழுந்தால் எங்கோ அடைப்பு அல்லது ரிங் தேய்ந்திருக்கிறது என்று பொருள். மூடியைத் திறந்ததும் இன்ஜின் கொஞ்சம் உதறினால் கவலைப்பட வேண்டாம், அது கள்ளக் காற்று போவதால்.

அது நடந்தது டிசம்பரில். விடியலில் எடுத்து, ஐந்து கிலோமீட்டர் ஊர்ந்து ஆபீசில் நிறுத்தும் ஓட்டம், இன்ஜின் முழுதாகச் சூடாகவே நேரமில்லை. ஒரு மாதம் கழித்துக் கேனைத் திறந்தால் ஃபில்டர் காபி நுரை மாதிரி ஏதோ இரண்டு கரண்டி அளவு இருந்தது. ஹெட் கேஸ்கெட் போய், கூலண்ட் ஆயிலில் கலந்துவிட்டதோ என்று திகிலாகிப் போய் அண்ணனிடம் காட்டினேன். விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, கூலண்ட் அளவையும் ஒருமுறை எட்டிப் பார்த்தார். "கூலண்ட் குறையல. இது குளிருக்குச் சேர்ந்த தண்ணி, ஆயிலோட கடைஞ்சிருக்கு. திரும்ப இன்ஜின்ல மட்டும் ஊத்திடாதீங்க" என்றவர், தன் பழைய ஆயில் பீப்பாயில் அதைக் கவிழ்த்துக்கொண்டு கேனைத் துடைத்துத் திருப்பித் தந்தார்.