வைத்த ஸ்டென்ட்டை எடுத்தாச்சா?

சென்ற ஆண்டு ஒரு அம்மா வந்தார். வயது அறுபதை ஒட்டி இருக்கும். ஒரு வாரமாகக் குளிர்காய்ச்சல். ஊரில் டைபாய்டாக இருக்கும் என்று மூன்று நாள் ஊசி போட்டிருக்கிறார்கள். ஊசி போட்டால் காய்ச்சல் இறங்கும், மறுநாள் மாலை மறுபடி உடம்பைத் தூக்கிப் போடும். கண்ணை இழுத்துப் பார்த்தேன், மஞ்சள். "இதுக்கு முன்னாடி வயித்துல ஏதாவது ஆபரேஷன் ஆயிருக்காம்மா?" என்றதற்கு, இல்லவே இல்லை என்றார். வயிற்று ஸ்கேனில்தான், கல்லீரலிலிருந்து பித்தநீர் இறங்கும் பித்தநாளத்துக்குள் இரண்டு வெள்ளைக் கோடுகள் இணையாக ஓடுவது தெரிந்தது. மகனைக் கூப்பிட்டுக் கேட்டதும் அவருக்கு நினைவு வந்துவிட்டது.

"ஆமா சார், நாலு வருஷம் முன்னாடி கல்லடைப்புன்னு ஸ்டென்ட் வெச்சாங்க. அதோட நல்லாயிடுச்சே!"

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஸ்டென்ட் என்ற சொல் நம் ஊருக்கு இருதய ஆஸ்பத்திரி வழியாக வந்தது. நெஞ்சுவலி, ஆஞ்சியோ, ஸ்டென்ட், அப்புறம் ஆயுசுக்கும் மாத்திரை. அந்த ஸ்டென்ட்டை யாரும் திரும்ப எடுப்பதில்லை. பித்தநாளத்தில் பெரும்பாலும் வைப்பது வேறு பொருள். பிளாஸ்டிக் குழாய், சுமார் 3 மில்லிமீட்டர் குறுக்களவு, விரல் நீளம். கட்டடத்துக்குச் சாரம் கட்டுவதைப் போலத் தற்காலிகமானது. பெயர் ஒன்றாகிப் போனதால் வந்த குழப்பத்தை நாங்கள் டிஸ்சார்ஜ் அன்று ஐந்து நிமிடம் உட்கார்ந்து விளக்குவதில்லை. "மூணு மாசம் கழிச்சு வாங்க" என்கிறோம். எதற்கு வரவேண்டும் என்று சொல்வதில்லை.

கல்லீரல் நாளொன்றுக்கு அரை லிட்டருக்கு மேல் பித்தநீர் சுரக்கிறது. அது சுண்டுவிரலைவிட மெல்லிய ஒரு நாளம் வழியாக இறங்கி, முன்சிறுகுடலில் ஒரு சிறு வாயில் வந்து விழுகிறது. கணையத்தின் குழாயும் அதே வாயில்தான் திறக்கிறது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கல்லோ, கணையத் தலையில் வரும் புற்றுக்கட்டியோ, பித்தப்பை ஆபரேஷனுக்குப் பின் விழும் சுருக்கமோ இந்த வழியை அடைத்தால் கண் மஞ்சளாகும், சிறுநீர் டிகாஷன் நிறத்துக்குப் போகும், மலம் வெளுக்கும், உடம்பெல்லாம் அரிக்கும். வாய் வழியாக எண்டோஸ்கோப் என்ற கேமராக் குழாயை இறக்கி, அந்தச் சிறு வாயில் நுழைந்து வழியைத் திறப்பதைத்தான் ஈ.ஆர்.சி.பி. என்கிறோம். 1979-இல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் நிப் சோஹெந்திரா என்ற மருத்துவர் இப்படி முதன்முதலில் ஒரு பிளாஸ்டிக் குழாயை வைத்தார். அதற்கு முன்பெல்லாம் வயிற்றைத் திறக்கவேண்டும், அல்லது விலா இடுக்கில் ஊசி குத்திப் பித்தத்தை வெளியே பையில் வடிக்கவேண்டும்.

சரி, இதில் என்ன கோளாறு வரும்? அன்றைக்கே வருபவற்றில் முதலாவது கணைய அழற்சி. இரண்டு குழாய்க்கும் வாசல் ஒன்று என்றேனே, அதன் விளைவு இது. பித்தநாளத்தைத் தேடிப் போகும்போது கணையக் குழாய் சீண்டப்படுகிறது. நூறு பேரில் மூன்று முதல் பத்துப் பேருக்கு இது வரலாம். பெரும்பாலும் நாலைந்து நாள் சலைன் ஏற்றினால் அடங்கிவிடும், சிலருக்குத்தான் ஐ.சி.யு. வரை இழுத்துக்கொண்டு போகும். இளம்பெண்களுக்கும், நாளம் வீங்காமல் மெல்லியதாக இருப்பவர்களுக்கும் ஆபத்து கூடுதல். இதைக் குறைக்க ஆசனவாயில் டைக்ளோஃபினாக் என்ற வலி மாத்திரை ஒன்று வைக்கிறோம். "வயித்துக்குத்தானே வந்தோம், இதை ஏன் அங்கே வைக்கிறீங்க?" என்று சண்டை போட்டவர்கள் உண்டு. மிகச் சில ரூபாய் மாத்திரை அது, நல்ல பலன் தருகிறது. அன்று இரவு மேல்வயிற்றில் ஆரம்பித்து முதுகுக்குப் பாயும் வலி வந்தால், கேஸ் என்று சோடா குடித்துவிட்டுப் படுக்காதீர்கள். நர்ஸைக் கூப்பிடுங்கள்.

ரத்தக்கசிவு பெரும்பாலும் பித்தநாளம் குடலில் திறக்கும் அந்தச் சிறு வாயை வெட்டி அகலப்படுத்தும்போது வருவது. வீட்டுக்குப் போய் ஒரு வாரம், பத்து நாள் கழித்தும் வரலாம். மலம் தார் மாதிரி கறுத்தால் உடனே வாருங்கள். இருதயத்தில் ஸ்டென்ட் உள்ளவர், ரத்தம் உறையாமல் இருக்க குளோபிடோக்ரல் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அதைத் தானாக நிறுத்திவிட்டு வந்து நிற்பவர்களைப் பார்த்தால் எனக்குத்தான் நெஞ்சு அடைக்கிறது. வெட்டாமல் வெறுமனே ஸ்டென்ட் மட்டும் வைப்பதென்றால் மாத்திரையை நிறுத்தத் தேவைப்படாமலும் போகலாம். இரண்டு டாக்டரும் பேசி முடிவு செய்யட்டும். குடலில் ஓட்டை விழுவது அபூர்வம், நூற்றில் ஒன்றுக்கும் கீழே.

புற்றுக்கட்டி கல்லீரலின் வாசலிலேயே, நாளங்கள் இரண்டாகப் பிரியும் இடத்தில் உட்கார்ந்திருந்தால் கதை வேறு. அங்கே மருந்தைச் செலுத்திப் படம் எடுக்கும்போது எல்லாக் கிளைக்கும் மருந்து போய்விடும். ஆனால் ஸ்டென்ட் ஒன்றிரண்டு கிளைக்குத்தான் வழி விடும். வடியாத கிளையில் மருந்தோடு போன கிருமி அங்கேயே தங்கிச் சீழ் பிடிக்கும். அதனால்தான் இவர்களுக்கு முதலில் பித்தநாளக் கிளைகளைப் படம் காட்டும் எம்.ஆர்.சி.பி. ஸ்கேன் எடுத்து, எந்தக் கிளையைத் திறப்பது என்று முடிவு செய்துகொண்டு உள்ளே போகிறோம். "ஸ்கேனுக்கு வேற காசா?" என்று கேட்கும்போது கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இந்த ஒரு செலவில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

இனி மறந்துபோன ஸ்டென்ட். வைத்த நாளிலிருந்தே அதன் உட்சுவரில் பாக்டீரியா வழவழப்பாகப் படியத் தொடங்குகிறது. அவை பித்தநீரை முறித்துச் சகதி ஆக்கும். குடலிலிருந்து கீரை நார், காய்கறித் துணுக்கு என்று மேலேறும். மூன்று நான்கு மாதத்தில் பல குழாய்கள் அடைத்துவிடும். மூன்று மாதம் என்று நாங்கள் கணக்குச் சொல்வது இதை வைத்துத்தான். அடைத்த குழாய்க்குப் பின்னால் தேங்கும் பித்தத்தில் கிருமி பெருகி ரத்தத்தில் கலக்கும்போதுதான் அந்த உதறல் காய்ச்சல். முதியவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் குழறல் பேச்சும் ரத்த அழுத்தக் குறைவும் மட்டும் தெரியலாம். சில குழாய்கள் இடம் நகர்ந்து மேலே உள்ளே போய்விடும், அல்லது கீழே நழுவும். நழுவியது பெரும்பாலும் மலத்தோடு போய்விடும். எப்போதாவது குடல் சுவரைக் குத்தும். இருக்கிற இடத்திலேயே ஆண்டுக்கணக்கில் கிடந்தால் அதையே கருவாக வைத்துச் சுற்றிலும் கல் வளரும்.

புற்றுநோய்க்கு வைக்கும் உலோக வலை ஸ்டென்ட் 10 மில்லிமீட்டர் வரை விரிவதால் அதிக மாதங்கள் தாங்கும். விலையும் பல மடங்கு. உறையில்லாத வலைக்குள் கட்டி முளைத்து நுழையும், அதைத் திரும்ப எடுக்கவும் முடியாது. உறை போட்டது நழுவலாம். பித்தப்பையின் வாயை மூடி அங்கே அழற்சியைக் கிளப்பவும் செய்யலாம்.

அந்த அம்மாவுக்கு முதல் நாள் இரவே பழைய குழாய்க்குப் பக்கத்தில் புதிதாக ஒன்றை நுழைத்துச் சீழ் கலந்த பித்தத்தை வடித்தோம், அவ்வளவுதான். ரத்தத்தில் கிருமி இருக்கும்போது பழையதை இழுத்துப் போராடக்கூடாது. சில வாரம் கழித்துப் பழையதைப் பிடித்து இழுத்தபோது பாதியில் ஒடிந்தது. மேல் துண்டைச் சுற்றி மண்நிறக் கல். மெல்லிய கேமராவை நாளத்துக்குள்ளேயே அனுப்பி, லேசரில் கல்லை உடைத்து எடுத்தோம். முதல் தடவையே மூன்று மாதத்தில் வந்திருந்தால் இருபது நிமிட வேலை. இன்னொன்றும் தெரிந்தது: பித்தப்பையில் கற்கள் அப்படியே இருந்தன. நாலு வருடம் முன்பு ஸ்டென்ட் வைத்ததே அந்த ஆபரேஷன் வரைக்கும் தாக்குப்பிடிக்கத்தான். வலி போனதும் ஆபரேஷனும் போய்விட்டது. நடுவில் ஒருமுறை கண் மஞ்சளானபோது கீழாநெல்லி கொடுத்துச் சமாளித்திருக்கிறார்கள். அடைப்பால் வரும் காமாலைக்கு எந்த இலையும் வழி திறக்காது.

இப்போது நான் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ஒரு சீட்டில் மூன்று விஷயம் எழுதித் தருகிறேன்: வைத்த தேதி, பிளாஸ்டிக்கா உலோகமா, எடுக்கவேண்டிய தேதி. அதை ஆதார் அட்டையோடு வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். காய்ச்சலுக்கு எந்த டாக்டரிடம் போனாலும் முதல் வார்த்தையாக "பித்தநாளத்தில் ஸ்டென்ட் இருக்கு" என்று சொல்லச் சொல்கிறேன். வீட்டில் தினசரி காலண்டர் இருந்தால் அந்தத் தேதித் தாளிலும் எழுதிவிடுங்கள், கிழிக்கும்போது கண்ணில் படும்.

அந்த மகன் அப்படி எழுதி வைத்திருந்தார். லேசர் வேலைக்குப் பின் போட்ட கடைசிக் குழாயை எடுக்கும் தேதி ஆடியில் விழுந்தது. ஆவணிக்குத் தள்ளலாமா சார் என்று போனில் கேட்டார். வேண்டாம் என்றேன். வந்துவிட்டார்கள்.