கையெழுத்துப் போட்டவர் உங்கள் வீட்டைப் பார்த்தாரா?

கன்னியாகுமரி மாவட்டத்தில், திங்கள்சந்தைக்குப் பக்கத்தில் ஒரு வீடு. கட்டி மூன்று வருடம்தான் ஆகிறது. "அண்ணே, வாஷிங் மெஷினைத் தொட்டா லேசா சுர்ருன்னு இருக்கு. செருப்பு போட்டா ஒண்ணும் தெரியல" என்று அந்த வீட்டுத் தங்கை போன் செய்தார். வீட்டுக்காரர் மஸ்கட்டில். ஷாக் லேசாகத்தானே இருக்கிறது என்று இரண்டு மாதம் அப்படியே விட்டிருக்கிறார்கள்.

போய்ப் பிளக் பாயிண்டைக் கழற்றிப் பார்த்தேன். கசியும் கரண்டை மண்ணுக்குக் கொண்டுபோகும் பச்சை எர்த் வயர் ஒழுங்காக மாட்டியிருந்தது. வீட்டு லைன்கள் எல்லாம் பிரியும் டிபி பாக்ஸிலும் சரிதான். அங்கிருந்து பின்னாலேயே போனால், வீட்டுக்குப் பின்புறம் மண்ணுக்குள் இறங்குகிறது. கையாலேயே மண்ணை விலக்கினேன். கான்கிரீட் வேலையில் மிச்சமான ஒரு அடிக் கம்பித் துண்டு. அதில் கட்டுக்கம்பியால் அந்த வயரைச் சுற்றி முடிந்திருந்தார்கள். அந்த வீட்டின் எர்த் அவ்வளவுதான். டெஸ்டர் வைத்தபோது மண்ணுக்குப் போகும் வழியின் தடை 115 ஓம் காட்டியது, இது குறையக் குறையத்தான் நல்லது.

கணக்கு எளிது. 230 வோல்ட் லைன் மெஷின் பாடியில் முழுசாக ஒட்டினால், 115 ஓம் வழியாக மண்ணுக்குப் போவது 2 ஆம்பியர். அந்த லைனில் இருப்பது 16 ஆம்பியர் எம்சிபி, அதாவது கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்ச். அதற்கு 2 ஆம்பியர் ஒரு பொருட்டே இல்லை, விழாது. மெஷின் பாடி கரண்டோடு நின்றுகொண்டே இருக்கும். ஈரத் தரையில் வெறுங்காலோடு ஒரு குழந்தை போய்த் தொட எவ்வளவு நேரம் ஆகும்?

மின் இணைப்பு வாங்கக் கொடுத்த டெஸ்ட் ரிப்போர்ட்டின் நகலை எடுத்துத் தரச் சொன்னேன். லைசென்ஸ் உள்ள காண்ட்ராக்டரின் கையெழுத்தும் சீலும் இருந்தன. அவரை அந்த வீட்டில் ஒருவருமே பார்த்ததில்லை. வயரிங் செய்தது ஒருவர், கையெழுத்து வேறொருவர். நம் மாவட்டத்தில் இது புதிதில்லை. வீட்டுக்காரர்கள் என்னிடம் கேட்கிற பாதிக் கேள்விக்கு இதிலேயே பதில் இருக்கிறது.

"எல்லா வேலைக்கும் லைசென்ஸ் ஆள் வேணுமா?" வேண்டாம். பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் என்று ஏற்கெனவே இருப்பதை அதே மாதிரி மாற்றுவதற்குச் சட்டமே விலக்குக் கொடுக்கிறது. புதிதாகப் பாயிண்ட் எடுப்பது, ஏசிக்குத் தனி லைன் இழுப்பது, கிணற்று மோட்டாருக்கு வயர் கொண்டுபோவது, த்ரீ ஃபேஸுக்கு மாற்றுவது எல்லாம் அப்படி இல்லை. அவற்றை உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர்தான் எடுக்க வேண்டும், தகுதிச் சான்றிதழ் உள்ளவரின் நேரடி மேற்பார்வையில்தான் நடக்க வேண்டும் என்பது மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறை. 2010-ல் வந்த விதிமுறையில் இருந்தது, 2023-ல் வந்த புதியதிலும் இருக்கிறது.

"லைசென்ஸ் இருக்குன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?" கேட்டுப் பாருங்கள், அவ்வளவுதான். தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியம் கொடுத்த உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். அதில் பெயர், எண், எந்தத் தேதி வரை செல்லும் என்பதெல்லாம் இருக்கும். தேதியைக் கட்டாயம் பாருங்கள், புதுப்பிக்காமல் விட்டவர்கள் உண்டு. அப்புறம், சுவரை வெட்டி வயர் இழுக்க வருகிறவருக்கு வயர்மேன் சான்றிதழ் இருக்கிறதா என்றும் கேளுங்கள். முறையாகத் தொழில் செய்கிறவர் யாரும் இதற்கு முகம் சுளிக்க மாட்டார். என்னிடம் கேட்டால் எனக்குச் சந்தோஷம்தான்.

இன்னொன்றையும் கேளுங்கள்: "பூச்சுக்கு முன்னால நீங்க நேர்ல வந்து பார்ப்பீங்களா?" எனக்கு இதுதான் முக்கியமான கேள்வி. கொத்தனார் பூசி முடித்த பிறகு பைப்புக்குள் எத்தனை ஜாயிண்ட் இருக்கிறது, ஹீட்டருக்கு 4 ஸ்கொயர் எம்எம் வயர் போனதா, மெல்லிசான 1.5 போனதா என்று யாராலும் பார்க்க முடியாது. அதனால் பூசுவதற்கு முந்தின நாள் அறை அறையாகப் போனில் வீடியோ எடுத்து வையுங்கள். வெளிநாட்டில் இருப்பவர் பணம் அனுப்புவதற்கு முன் இந்த வீடியோவைக் கேட்டு வாங்கலாம். பின்னாளில் ஆணி அடிக்கும்போதும் அதுவே உதவும்.

கூலியில் சண்டை வருவதெல்லாம் "பாயிண்ட்" என்ற ஒரு வார்த்தையில்தான். மாடிப்படி லைட்டுக்கு இரண்டு சுவிட்ச் வைத்தால் அது ஒரு பாயிண்டா, இரண்டா? எர்த் குழி அதில் சேர்த்தியா? முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வயரை நீங்கள் வாங்கினாலும் அவர் வாங்கினாலும் ஐஎஸ்ஐ முத்திரையும் பில்லும் இருந்தால் சரி.

எர்த் விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊர் மண் ஒரே மாதிரி இல்லை. மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் செம்மண்ணும் பாறையும். மழைக்காலத்தில் நல்ல அளவு காட்டும் குழி, பங்குனி வெயிலில் ஈரம் வற்றியதும் ஏறிவிடும். குளச்சல், முட்டம் பக்கம் உப்புக்காற்றில் ஜிஐ பைப்பும் கிளாம்பும் துருப்பிடித்து, இணைப்பு தானாகவே விட்டுப்போகும். குறைந்தது இரண்டரை மீட்டர் ஜிஐ பைப் இறக்கி, கரியும் உப்பும் போட்டு, மேலே தண்ணீர் ஊற்ற வழி வைத்து, மூடியும் போட வேண்டும். வீட்டுக்கு 5 ஓமுக்குக் கீழே கொண்டுவரத்தான் நாங்கள் பார்ப்போம். ஒரு குழியில் வராவிட்டால் இரண்டாவது குழி. தண்ணீர்க் குழாயில் எர்த்தைக் கட்டும் பழைய பழக்கம் இனி வேண்டாம், இப்போதெல்லாம் குழாய் பிளாஸ்டிக்.

"ஆர்சிசிபி மழைக்கு அடிக்கடி விழுது, எடுத்துடலாமா?" வருடத்தில் இரண்டு மழைக்காலம் பார்க்கிற ஊரில் இதைக் கேட்காத வீடு இல்லை. தயவுசெய்து எடுக்காதீர்கள். எம்சிபி காப்பது வயரை. ஆளைக் காப்பது 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி, அந்த அளவு கரண்ட் கசிந்தாலே லைனை நிறுத்திவிடும் சுவிட்ச். அது விழுகிறதென்றால் எங்கேயோ கரண்ட் கசிகிறது. நான் பார்த்த வரையில் பெரும்பாலும் கேட் லைட்டின் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கியிருக்கும், அல்லது மோட்டார் கேபிளில் டேப் மட்டும் சுற்றிய ஜாயிண்ட் நனைந்திருக்கும். ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடலாம். திங்கள்சந்தை வீட்டிலும் டிபிக்குள் ஆர்சிசிபி இருந்தது. மழைக்கு விழுகிறதென்று யாரோ அதைத் தாண்டி நேராக இணைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அந்தத் தங்கைக்கு அது தெரியவே தெரியாது. டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விழவில்லையென்றால் அன்றைக்கே ஆளைக் கூப்பிடுங்கள்.

ஜெனரேட்டர் வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்து, கம்பங்கள் விழுந்து, ஊரே நாள்கணக்கில் இருட்டில் கிடந்ததை நாம் மறக்க மாட்டோம். அந்த மாதிரி நேரத்தில் ஜெனரேட்டர் வயரை ஒரு பிளக்கில் சொருகி வீட்டுக்குக் கரண்ட் கொடுத்தால், மெயின் ஆஃப் செய்யாத பட்சத்தில் அது லைனுக்குத் திரும்பிப் போகும். லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பிக் கம்பத்தில் ஏறி நிற்கிற ஊழியரின் கைக்குப் போகும். லைன், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் வீட்டோடு சேர்க்கும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டர் வேண்டவே வேண்டாம்.

வேலை முடிந்த அன்று, வயரின் இன்சுலேஷனைச் சோதிக்கும் மெக்கர் கருவியை வைத்து உங்கள் முன்னால் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். 500 வோல்ட்டில் பார்க்கும்போது இன்சுலேஷன் குறைந்தது ஒரு மெகாஓம் காட்ட வேண்டும். புது வயரிங் அதைவிட எவ்வளவோ மேலே காட்டும். அந்த எண், எர்த் ஓம், தேதி, செய்தவரின் பெயர், லைசென்ஸ் எண் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, டிபி கதவின் உள்பக்கம் ஒட்டச் சொல்லுங்கள். திங்கள்சந்தை வீட்டில் புதிதாக இரண்டு குழி எடுத்தோம், 3.8 ஓம் வந்தது. ஆர்சிசிபியையும் திரும்ப இணைத்து, தாளை ஒட்டினேன். அந்தத் தங்கை அதைப் போட்டோ எடுத்து அங்கேயே நின்று மஸ்கட்டுக்கு அனுப்பினார்.