வர்மம் கற்க எத்தனை நாள் ஆகும்?

உடலில் உயிர்நிலை தங்குவதாக மரபு சொல்லும் இடங்கள்தாம் வர்மங்கள். அவற்றை அழுத்தியும் தடவியும் செய்யும் சித்த மருத்துவ முறைக்கும் அதே பெயர். அண்மைக் காலமாக இந்தக் கேள்வியை நோயாளிகளைவிட இளைஞர்களே என்னிடம் அதிகம் கேட்கிறார்கள். வார இறுதி வகுப்பிலும் காணொளியிலும் படித்துச் சான்றிதழோடு வந்து நிற்பவர்களும் உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்தின் கல்குளம், விளவங்கோடு பகுதிகளின் ஆசான் வீடுகளில் தலைமுறைகளாகக் கற்கப்பட்ட ஒரு கலைக்கு இப்படி நாள்கணக்கு பேசப்படுவதால், சித்த மருத்துவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மரபு 108 வர்மங்களைச் சொல்கிறது. அடிபட்டால் உயிருக்கே ஆபத்தான படுவர்மம் 12, அந்த அளவு ஆபத்தில்லாத தொடுவர்மம் 96. பெயரையும் இருப்பிடத்தையும் மனப்பாடம் செய்யச் சில வாரங்கள் போதும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், வர்மத்தின் இடம் நோயாளியின் விரற்கடையாலும் (விரல் அகலம்), கொடுக்கும் அழுத்தம் மாத்திரை என்ற அளவாலும் அளக்கப்படுகின்றன. கால் மாத்திரைக்கும் அரை மாத்திரைக்கும் உள்ள வேறுபாட்டைச் சுவடியில் படித்து அறிய முடியாது. தென்னையேறி இறுகிய தோளையும், சர்க்கரை நோயால் தசை வற்றிய முதியவரின் தோளையும் ஆசானின் கண்முன்னே பலமுறை தொட்டுப் பார்த்த விரலுக்குத்தான் அது பிடிபடும்.

தைலம் காய்ச்சுவதும் அப்படித்தான். வர்ம சிகிச்சையில் பூசும் காயத்திருமேனித் தைலத்தை விறகடுப்பில் ஏற்றிவிட்டால், அடிப்பிடிக்காமல் துழாவிக்கொண்டே இருக்க வேண்டும். பதம் நெருங்கும்போது கற்கத்தை, அதாவது அதில் அரைத்துச் சேர்த்த மருந்து விழுதை, கரண்டியில் எடுத்து, பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே உருட்டி, மெழுகுபதமா மணல்பதமா என்று பார்ப்போம். அதில் சிறிது தீயில் இட்டால் சடசடக்காமல் எரிய வேண்டும். சடசடத்தால் நீர் இன்னும் வற்றவில்லை, அந்தத் தைலம் விரைவில் கெட்டுவிடும். கவனம் தப்பிக் கருகினாலோ அத்தனை மூலிகைச் சாறும் வீண். தூக்கத்தை விடாமல் இதைக் கற்ற ஒருவரை நான் இதுவரை கண்டதில்லை.

அரைகுறைப் பயிற்சியின் விலையைக் கொடுப்பது நோயாளிதான். கழுத்தின் பக்கவாட்டில் ஓடும் கரோட்டிட் தமனியைத் தவறாக அழுத்தினால் இதயத் துடிப்பு திடீரெனக் குறைந்து மயக்கம் வரலாம். அங்கே கொழுப்பு படிந்திருக்கும் முதியவருக்கு அது பெயர்ந்து மூளைக்குச் சென்று பக்கவாதமே வரலாம். நெட்டி எடுப்பதாகச் சொல்லிக் கழுத்தை வெடுக்கென்று திருப்புவதால் முதுகெலும்பை ஒட்டிச் செல்லும் தமனியின் உட்சுவர் கிழிந்துவிடுவதும் உண்டு.

பன்னிரண்டு ஆண்டு குருகுலம் என்று பழையவர்கள் சொல்வதை அப்படியே ஏற்க வேண்டும் என்று நான் கருதவில்லை. ஆசான் வீட்டில் தண்ணீர் சுமப்பதில் மருத்துவம் ஒன்றும் இல்லை. மறைத்து மறைத்தே வைத்ததால் செல்லரித்துப் போன சுவடிகளும் இருக்கின்றன. ஆனாலும், மரத்திலிருந்து விழுந்தவரை நள்ளிரவில் தூக்கி வரும்போது, அந்த வீட்டிலேயே கிடந்த சீடன்தான் விளக்கைப் பிடித்துக்கொண்டு அருகில் நின்றான். வகுப்பு நேரத்துக்கு மட்டும் வந்து போகிறவருக்கு அந்த வாய்ப்பு கிடையாது. குலசேகரம் பக்கத்தில், விடியுமுன் ரப்பர் பால்வெட்டு முடித்துவிட்டு ஆசானிடம் பயிலப் போகும் இளைஞர்கள் இன்றும் இருக்கிறார்கள். சம வயதினர் வளைகுடா நாட்டுக்குப் போய்ச் சம்பாதித்து வீடு கட்டும் ஆண்டுகளில் இவர்கள் எண்ணெய்க் கையோடு உட்கார்ந்திருக்கிறார்கள். வீட்டில் கேட்கும் பேச்சையும் தாங்க வேண்டியிருக்கிறது.

கற்க விரும்புவோருக்கு என் பரிந்துரை இதுதான். பயிற்சிக் காலத்தையும் சேர்த்து ஐந்தரை ஆண்டு பி.எஸ்.எம்.எஸ். என்ற சித்த மருத்துவப் பட்டப் படிப்பை முடித்து மருத்துவராகப் பதிவு செய்யுங்கள். படிக்கும்போதே விடுமுறைகளில் ஓர் ஆசானிடம் அமர்ந்து பாருங்கள். அவர் அனுமதிக்கும்வரை யாருடைய உடலிலும் கை வைக்காதீர்கள். நோயாளிகளும், யாரிடம் எத்தனை ஆண்டு பயின்றீர்கள், பதிவு எண் என்ன என்று தயங்காமல் கேட்கலாம். வாய் கோணி, ஒரு பக்கக் கை கால் திடீரெனத் தளர்ந்தால், யாரையும் வர்மம் பிடிக்க விடாமல் உடனே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். அது பக்கவாதமாக இருக்கலாம்; மூளை ரத்தக்குழாயின் அடைப்பைக் கரைக்கும் ஊசியை முதல் நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.