சால்வர் ஏன் ஒன்பது பொருளைத் தூக்கிப்போட்டது?

நாமக்கல் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் போன வாரம் ஒரு கேள்வி கேட்டார். தீவனத்தை மூட்டையாக வாங்காமல் தானே அரைத்துக் கலக்கிறவர். மக்காச்சோளம், கம்பு, சோயா புண்ணாக்கு, கடலைப் புண்ணாக்கு, தவிடு, மீன்தூள், கிளிஞ்சல் என்று மொத்தம் 14 பொருள்களின் விலையையும் சத்தையும் எக்செல்லில் ஏற்றியிருக்கிறார். எரிசக்தி, புரதம், கால்சியம், பாஸ்பரஸ் நான்கும் இவ்வளவாவது இருக்க வேண்டும், மொத்த எடை 100 கிலோ, செலவு எவ்வளவு குறையுமோ அவ்வளவு குறைய வேண்டும் என்று சொல்லி, நிபந்தனைகளுக்குள் சிறந்த விடையைத் தேடிக்கொடுக்கும் எக்செல் கருவியான சால்வரைத் தட்டியிருக்கிறார். பதில் வந்தது. ஐந்தே பொருள். மற்ற ஒன்பதுக்கும் சைபர்.

"கொஞ்சம் கொஞ்சமாவது எல்லாத்தையும் சேர்க்க வேண்டாமா சார்? எங்கேயோ தப்புப் பண்ணிட்டேனா?"

தப்பே இல்லை. ஐந்துக்கு மேல் வராது என்று அவருடைய விலைப்பட்டியலைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். அவர் எத்தனை நிபந்தனை போட்டார் என்று எண்ணினால் போதும்: நான்கு சத்து, ஒரு எடை, ஆக ஐந்து. கணிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த சங்கதிகளில் இது ஒன்று என்பதால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

கல்லூரியில் ஆபரேஷன்ஸ் ரிசர்ச் பேப்பர் எழுதியவர்களுக்கு, இந்த மாதிரிக் கணக்குகளுக்குப் படிப்படியாக விடை காணும் சிம்ப்ளெக்ஸ் முறையின் டேபிள் நினைவிருக்கும். நானும் போட்டவன்தான். மூன்றாவது டேபிளில் ஒரு பின்னத்தைத் தப்பாகக் கழித்து, கடைசியில் மைனஸ் நான்கு நாற்காலி செய்தால் லாபம் அதிகம் என்று முடித்துவிட்டு வந்தேன். அந்த டேபிள் எதற்கு, ஒவ்வொரு தடவையும் ஒரு பொருளை உள்ளே கொண்டுவந்து இன்னொன்றை ஏன் வெளியே தள்ளுகிறோம் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

14 பொருளைத் தாளில் வரைய முடியாது, அதனால் இரண்டே பொருளோடு ஆரம்பிப்போம். வீட்டில் பலகாரம் செய்து விற்கும் ஒரு அம்மா. அடுப்படியில் அவர், பிசைந்து தட்டிப் பிழிந்து கொடுக்க உதவிக்கு ஒரு ஆள், இருவருக்கும் நாளைக்கு 8 மணி நேரம். ஒரு கிலோ முறுக்குக்கு அடுப்பு நேரம் 20 நிமிடம், அதிரசத்துக்கு 40. கைவேலை இரண்டுக்குமே கிலோவுக்கு 30 நிமிடம். லாபம் முறுக்கில் கிலோவுக்கு 60 ரூபாய், அதிரசத்தில் 80. (பலகாரக்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம், எண்கள் கணக்குக்காகப் போட்டவை.)

படுக்கைக் கோட்டில் முறுக்கு, நிமிர்ந்த கோட்டில் அதிரசம் என்று வரைந்தால், செய்யக்கூடிய கலவைகள் எல்லாம் நான்கு சுவர்களுக்கு நடுவே உள்ள ஒரு சின்ன நிலமாகத் தெரியும். அடுப்பு நேரம் ஒரு சுவர், கைவேலை இன்னொரு சுவர், மீதி இரண்டும் அந்த இரண்டு கோடுகளேதான், ஏனென்றால் மைனஸ் இரண்டு கிலோ முறுக்கு என்று எதுவும் கிடையாது (நாற்காலியும்தான்).

இப்போது அந்த நிலத்தின் நடுவில் எங்காவது நில்லுங்கள். ஏதோ ஒரு திசையில் ஓரடி வைத்தால் லாபம் 10 ரூபாய் கூடுகிறது என்று வையுங்கள். அதே திசையில் இரண்டாவது அடிக்கு? மறுபடியும் அதே 10 ரூபாய். மூன்றாவது அடிக்கும் அதேதான். கிலோவுக்கு இவ்வளவு என்று லாபம் நேர்கோடாகப் போவதால், வழியில் சரிவு மாறாது, களைப்பு வராது, 'இது போதும்' என்கிற இடமே வராது. ஓரடி வைப்பது லாபம் என்றால் சுவரில் முட்டும்வரை நடப்பதுதான் லாபம். சரி, முட்டியாகிவிட்டது. இனிச் சுவரை ஒட்டியே இடப்பக்கமோ வலப்பக்கமோ நகரலாம். ஒரு பக்கம் போனால் நஷ்டம் என்றால், அதே கணக்கின்படி எதிர்ப்பக்கம் போனால் லாபம் (இரண்டு பக்கமும் சமம் என்றால் எந்தப் பக்கம் போனாலும் நஷ்டமில்லை). அதனால் இரண்டாவது சுவர் குறுக்கே வந்து மறிக்கும்வரை நகர்ந்துகொண்டே இருப்பீர்கள், இரண்டு சுவர் சேரும் இடத்துக்கு மூலை என்று பெயர். நேர்கோட்டுக் கணக்கில் மிகச் சிறந்த விடை ஏதாவது ஒரு மூலையில் கண்டிப்பாக இருக்கும் என்பதற்கான நிரூபணத்தின் உயிர்நாடி இவ்வளவுதான்.

நிலத்தில் எண்ணற்ற புள்ளிகள் இருந்தாலும் மூலைகள் நான்கே நான்கு. சிம்ப்ளெக்ஸ் என்ன செய்கிறது என்றால், ஒரு மூலையில் நின்றுகொண்டு அங்கிருந்து கிளம்பும் ஓரங்களை மட்டும் பார்க்கிறது. எதுவும் செய்யாத நாள், அதாவது 0 முறுக்கு 0 அதிரசம், அங்கே தொடங்குவோம். அதிரசத்தில் கிலோவுக்கு 80 என்பதால் அந்த ஓரத்தில் ஏறினால் 12 கிலோவில் அடுப்பு நேரம் தீர்ந்துபோகும், லாபம் 960. ஆனால் உதவியாளர் இன்னும் இரண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறார். ஒரு கிலோ அதிரசத்தை விட்டால் அதே அடுப்பு நேரத்தில் 2 கிலோ முறுக்கு சுடலாம், 80 போய் 120 வரும். அந்த ஓரத்தில் நகர்ந்தால் 8 கிலோ முறுக்கு, 8 கிலோ அதிரசம் என்ற மூலையில் கைவேலைச் சுவர் வந்து நிறுத்துகிறது. லாபம் 1120. அங்கிருந்து எந்த ஓரத்தில் போனாலும் இறக்கம்தான், வேலை முடிந்தது. அக்கம்பக்கத்து மூலைகளை மட்டும் பார்த்துவிட்டு முடிந்தது என்று சொல்லலாமா, தூரத்தில் இன்னொரு உச்சி இருந்தால்? இருக்காது. நேர்ச்சுவர்களால் ஆன இந்த நிலத்தில் உள்குழிவு கிடையாது, ஆகவே பக்கத்தில் ஏற்றமே இல்லை என்றால் எங்கும் இல்லை.

டேபிளில் ஒரு பொருள் உள்ளே வந்து ஒன்று வெளியே போவது என்பது ஒரு சுவரை விட்டுக் கிளம்பி அடுத்த சுவரில் போய் முட்டுவதுதான். இதை ஒரு படம் போட்டுச் சொல்லியிருந்தால் எனக்கு அந்த அரியர் விழுந்திருக்காது.

இனி நிஜக் கதைக்கு வருவோம். 1945இல் அமெரிக்கப் பொருளாதாரர் ஜார்ஜ் ஸ்டிக்லர் ஒரு கேள்வி எடுத்துக்கொண்டார்: 70 கிலோ எடையுள்ள ஒரு ஆள் தேவையான சத்தோடு ஒரு வருடம் சாப்பிடக் குறைந்தபட்சம் என்ன செலவாகும்? உணவு 77, சத்து 9. நேரடியாக விடை காண வழி எதுவும் அன்று இல்லை, எனவே அனுபவத்தாலும் கழித்துக் கட்டியும் ஒரு விடைக்கு வந்தார். 1939ஆம் ஆண்டு விலையில் வருடத்துக்கு 39.93 டாலர். கோதுமை மாவு, டின் பால், முட்டைக்கோஸ், பசலைக்கீரை, காய்ந்த பீன்ஸ். நாக்கு என்று ஒன்று இருப்பதையே மறந்த மெனு.

1947இல் அமெரிக்க விமானப்படையில் திட்டமிடல் கணக்குகளுக்காக வேலை செய்த ஜார்ஜ் டான்ட்சிக் சிம்ப்ளெக்ஸ் முறையைக் கண்டுபிடித்தார். மூலை மூலையாக நடப்பது அவருக்கு முதலில் தோன்றிய யோசனைதான், ஆனால் அவ்வளவு மூலைகளில் அலைந்தால் விடிந்துவிடும் என்று ஒதுக்கிவைத்துவிட்டு அப்புறம்தான் அதற்கே திரும்பி வந்திருக்கிறார். முறையைச் சோதித்துப் பார்க்க ஸ்டிக்லரின் கணக்கையே எடுத்தார்கள். கைக் கணக்குப்பொறிகளை வைத்துக்கொண்டு நியூயார்க்கின் கணித அட்டவணைத் திட்டத்து ஆட்கள் போட்டார்கள், சுமார் 120 ஆள்-நாள் பிடித்தது. விடை 39.69 டாலர். ஸ்டிக்லரின் ஊகம் வருடத்துக்கு வெறும் 24 சென்ட்தான் அதிகம்! எனக்கு இன்றைக்கும் நம்ப முடியாத விஷயம் இது.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். அந்த அட்டவணைத் திட்டம் 1938இல் வேலையில்லாதவர்களுக்குக் கூலி கொடுப்பதற்காக அரசு தொடங்கிய நிவாரண வேலை. குளம் வெட்டுவதுபோல எண்களை வெட்டச் சொன்னார்கள். நம் ஊரில் ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டு விண்ணப்பித்தால் 'இதனால் உடனடிப் பயன் என்ன' என்று முதல் பக்கத்திலேயே கேட்பார்கள். விமானப்படைக்காரர் கண்டுபிடித்து, வேலையில்லாதவர்களுக்காகத் தொடங்கிய இடத்தில் சரிபார்த்த முறை, நாமக்கல்லில் கோழிக்குத் தீவனம் கலக்கும் என்று எந்தக் கட்டத்தில் எழுதுவது?

சிம்ப்ளெக்ஸ் கொடுத்த சரியான விடையில் இருந்த உணவுகள் எத்தனை தெரியுமா? 77இல் ஐந்து. மாவு, மாட்டு ஈரல், முட்டைக்கோஸ், பசலைக்கீரை, பீன்ஸ். 72 உணவுகளுக்கு சைபர்.

இப்போது சுவர்களை எண்ணுவோம். இரண்டு பொருள் உள்ள தாளில் ஒரு மூலைக்கு இரண்டு சுவர் வேண்டும். அறையின் மூலையில் மூன்று சுவர் சேர்கின்றன (தரையும் ஒரு சுவர்தான்). 77 உணவு என்றால் 77 பரிமாணம், ஒரு மூலையை உண்டாக்க 77 சுவர்கள் ஒரே புள்ளியில் சேர வேண்டும். கற்பனை செய்ய முயலாதீர்கள், யாராலும் முடியாது, எண்ணினால் போதும். கையில் உள்ள சுவர்கள் எவை? ஒவ்வொரு உணவுக்கும் 'சைபருக்குக் கீழே போகாதே' என்று ஒன்று, ஆக 77. அதோடு சத்துச் சுவர்கள் 9. மொத்தம் 86. மூலைக்குத் தேவையான 77இல் சத்துச் சுவர்கள் அதிகபட்சம் 9தான் கொடுக்க முடியும், மீதி 68ஐ சைபர்ச் சுவர்கள்தான் கொடுத்தாக வேண்டும். சைபர்ச் சுவரில் நிற்பது என்றால் அந்த உணவு தட்டில் இல்லை என்று அர்த்தம். ஆக, தட்டில் ஒன்பதுக்கு மேல் வர வழியே இல்லை, விலை என்னவாக இருந்தாலும் சரி. நிஜத்தில் கலோரி, கால்சியம், வைட்டமின் ஏ, ரைபோஃப்ளேவின், வைட்டமின் சி ஐந்தும்தான் வேண்டிய அளவில் இம்மியும் கூடாமல் நின்றன. புரதம் தேவைக்கு இரண்டு மடங்கும் இரும்பு ஐந்து மடங்கும் தானாகவே கிடைத்துவிட்டன, எனவே அந்தச் சுவர்கள் எங்கோ தள்ளி நின்றன. ஐந்து சுவர், ஐந்து உணவு.

86 சுவரில் 77ஐத் தேர்ந்தெடுக்கும் வழிகள் சுமார் 46,000 கோடி. எல்லாமே உண்மையான மூலைகள் அல்ல என்றாலும் ஒவ்வொன்றாகச் சரிபார்க்க முடியாது என்பது தெரிகிறது. ஏற்றமான ஓரத்தில் மட்டும் நடப்பதால்தான் 120 ஆள்-நாளில் முடிந்தது. எல்லா மூலைகளையும் சுற்றவைக்கும் வில்லங்கமான கணக்கு ஒன்றை 1972இல் க்ளீ, மின்டி என்ற இரண்டு கணிதக்காரர்கள் கட்டிக்காட்டினார்கள், 1984இல் பெல் ஆய்வகத்தில் இருந்த நரேந்திர கர்மார்க்கர் ஓரத்தை விட்டுவிட்டு நிலத்தின் நடுவே புகுந்து போகும் வேகமான வழி ஒன்றைக் கொடுத்தார், அது தனிக் கட்டுரைக்கான சமாசாரம்.

டான்ட்சிக்குக்கு இதில் சொந்த அனுபவமும் உண்டு. 1950களில் டாக்டர் எடையைக் குறைக்கச் சொன்னபோது, தான் என்ன சாப்பிடுவது என்பதையே ஐ.பி.எம். கணினியிடம் கேட்டார். வயிறு நிறைந்த உணர்வு அதிகமாக இருக்க வேண்டும், அதை உணவின் எடையிலிருந்து நீரின் எடையைக் கழித்து அளக்கலாம் என்று வைத்துக்கொண்டார். கணினி சொன்னது: தினமும் 500 கேலன் வினிகர். அதாவது கிட்டத்தட்ட 1,900 லிட்டர், ஒரு சின்ன சின்டெக்ஸ் தொட்டி. அட்டவணையில் வினிகரின் நீரளவு சைபர் என்று இருந்ததுதான் காரணம். வினிகரை நீக்கிவிட்டுக் கேட்டார், 200 சூப் கட்டி என்றது. கரைத்துக் குடித்துப் பார்த்தால் ஒரே உப்பு. அதற்கு மூன்று என்று வரம்பு போட்டார், ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகத் தவிடு என்றது. அதற்கும் வரம்பு போட்டதும் மொலாசஸ், அதாவது சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கரும்பாகு. தவிடு, மொலாசஸ் என்று மனுஷனை மாட்டுத் தொழுவத்துக்கே கொண்டுபோய்விட்டது. கடைசியில் மனைவி ஆன் தானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிப் பத்தியச் சாப்பாடு போட்டார், எடையும் குறைந்தது.

கணினி ஒரு இடத்தில்கூடத் தப்பாகக் கணக்குப் போடவில்லை. வினிகர் இருந்த திசையில் கிட்டத்தில் சுவரே இல்லை, அது நடந்துகொண்டே போனது. ராசிபலனைக் கேலி செய்கிறவர்கள்கூட, திரையில் இரண்டு தசம இடத்தோடு ஒரு எண் வந்துவிட்டால் கும்பிடு போடுவதைப் பார்க்கிறேன். எந்தச் சுவரைக் கட்ட மறந்தோம் என்று கேட்கும் பழக்கம்தான் வர வேண்டும்.

மூலையில் நிற்பதால் வரும் இன்னொரு குணத்தையும் பண்ணைக்காரருக்குச் சொன்னேன். பலகாரக் கணக்கில் அதிரசத்தின் லாபம் 80இலிருந்து 70க்கு இறங்கினாலும் 110க்கு ஏறினாலும் விடை அதே எட்டுக்கு எட்டுதான். 60க்குக் கீழே போனால் அதிரசம் ஒரேயடியாகக் காணாமல் போகும், 120ஐத் தாண்டினால் முறுக்கு போய்விடும். நடுவில் மெல்ல மெல்ல மாறுவது என்பதே கிடையாது. மக்காச்சோளம் விலை கொஞ்சம் கொஞ்சமாக ஏறும்போது அவருடைய கலவை அசையாமல் இருந்துவிட்டு, ஒரு நாள் திடீரென்று ஒரு பொருள் சைபராகிவிட்டால் பதற வேண்டாம். பக்கத்து மூலைக்குத் தாவியிருக்கிறது.

அவருடைய ஐந்தில் ஒன்றாக மீன்தூள் 11 கிலோ வந்திருந்தது. அவ்வளவு போட்டால் முட்டையில் மீன்வாடை அடிக்கும் என்று அவருக்கு நன்றாகவே தெரியும், சால்வருக்கு அதை யாரும் சொல்லவில்லை. 4 கிலோவுக்கு மேல் வேண்டாம் என்று ஒரு வரி சேர்த்து மறுபடி தட்டிப் பாருங்கள், புதுச் சுவர் ஒன்று என்பதால் இன்னொரு பொருள் உள்ளே வர வாய்ப்பு உண்டு என்றேன். அன்று சாயங்காலமே பதில் அனுப்பினார். செலவு கொஞ்சம் கூடியிருக்கிறது, மீன்தூள் சரியாக 4 கிலோவில் நிற்கிறது, பொருள் ஆறு. புதிதாக வந்தது கடலைப் புண்ணாக்கு.