நாற்று நுனியில் நிற்கும் நீர்

தஞ்சைப் பக்கம் விடியற்காலையில் நாற்றங்கால் வரப்பில் நடந்தால், ஒவ்வொரு நாற்றின் நுனியிலும் ஒரு துளி நிற்கும். பனி என்றே பலரும் நினைக்கிறோம். உண்மையில், இரவில் வேர் உறிஞ்சி மேலே தள்ளிய நீர்தான் இலை நுனியிலுள்ள நுண்துளைகள் வழியே கசிந்து அப்படித் திரண்டு நிற்கிறது. உயிரியல் படிக்க வேதியியல் எதற்கு என்று கேட்கும் பிள்ளைகளை நான் முதலில் இந்த வரப்புக்குத்தான் அழைத்துப் போவேன்.

நீர் மூலக்கூறில் ஓர் ஆக்சிஜன் அணுவும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்களும் உள்ளன. ஒவ்வொரு ஹைட்ரஜனும் ஆக்சிஜனுடன் ஓரிணை எலக்ட்ரானைப் பங்கிட்டுக்கொள்கிறது. இது சகப்பிணைப்பு. ஆனால் பங்கு சமமில்லை. அணுக்கருவில் எட்டு புரோட்டான் வைத்திருக்கும் ஆக்சிஜன், எலக்ட்ரான்களைத் தன் பக்கமே இழுத்து வைத்துக்கொள்கிறது. அதனால் ஆக்சிஜன் முனை சற்றே எதிர்மின் தன்மையும், ஹைட்ரஜன் முனைகள் சற்றே நேர்மின் தன்மையும் பெறுகின்றன. மூலக்கூறு நேர்கோடாக இருந்திருந்தால் இரு பக்க இழுப்பும் ஒன்றையொன்று ஈடுகட்டியிருக்கும். அதுவோ 104.5 பாகைக் கோணத்தில் வளைந்திருக்கிறது. இந்த வளைவு இல்லையென்றால் நாம் அறிந்த உயிரே இல்லை என்று தயங்காமல் சொல்வேன்.

ஒரு மூலக்கூறின் ஹைட்ரஜன், பக்கத்து மூலக்கூறின் ஆக்சிஜனை ஈர்க்கிறது. இந்த ஹைட்ரஜன் பிணைப்பு சகப்பிணைப்பைவிடப் பல மடங்கு வலுக்குறைந்தது. நொடியின் மிகமிகச் சிறிய பங்கில் அறுந்து, உடனே வேறோர் இடத்தில் கட்டிக்கொள்ளும். ஆயினும் கோடானுகோடி கைகள் கோத்தால் பலம் வேறு. துளியின் மேற்பரப்பிலுள்ள மூலக்கூறுகளை உள்ளே இருப்பவை இழுத்துப் பிடிக்கின்றன. துளி உருண்டு திரள்கிறது. பகலில் இலை நீரை ஆவியாக விடும்போது, இதே பிடிப்புதான் தண்டின் குழாய்களில் நீர்த்தாரை அறாமல் மேலே ஏற வழிசெய்கிறது.

வேதாரண்யம் உப்பளத்தில் கதை வேறு. சோடியம் தன் கடைசிக் கூட்டிலுள்ள ஒற்றை எலக்ட்ரானைக் குளோரினுக்கு முழுதாகவே கொடுத்துவிடுகிறது. எலக்ட்ரானை இழந்த சோடியம் நேர் அயனி, அதாவது நேர்மின்சுமை பெற்ற அணு; அதைப் பெற்ற குளோரின் எதிர் அயனி, அதன் பெயர் குளோரைடு. இரண்டின் ஈர்ப்பில்தான் உப்புப் படிகம் கட்டியாக நிற்கிறது. அதைத் தண்ணீரில் போட்டால், நீரின் ஆக்சிஜன் முனைகள் சோடியத்தையும் ஹைட்ரஜன் முனைகள் குளோரைடையும் சூழ்ந்து தனித்தனியே பிரித்துவிடுகின்றன. பாத்தியில் வெயில் அந்த நீரை ஆவியாக்கியதும் அயனிகள் மறுபடி கூடிப் படிகமாகின்றன.

2004 டிசம்பர் 26 அன்று நாகப்பட்டினம் கடலோர வயல்களில் ஆழிப்பேரலை புகுந்தபோது அந்த அயனிகளும் உள்ளே வந்தன. உப்பு மிகுந்த மண்ணில் ஈரம் இருந்தும் பயிர் காயும். நீர் உப்பு குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கம் நகர்வதால், வேரால் அதை எடுத்துக்கொள்ள முடிவதில்லை.

மழைநீரை வரப்பு கட்டித் தேக்கி வடித்தால் கரைந்த உப்பு போய்விடும். களிமண்ணில் ஒட்டிய சோடியம் எளிதில் விடாது, ஏனெனில் களிமண் துகள்களின் பரப்பு எதிர்மின் தன்மை கொண்டது. அங்கேதான் ஜிப்சம் என்னும் கால்சியம் கனிமம் கைகொடுக்கிறது. அதிலுள்ள கால்சியம் அயனிக்கு இரட்டை நேர்மின்சுமை. ஒற்றைச் சுமை கொண்ட சோடியத்தைத் தள்ளிவிட்டுத் துகளில் அது உட்கார்ந்துகொள்கிறது. இடம் இழந்த சோடியத்தை நீர் மூலக்கூறுகள் சூழ்ந்துகொண்டு, வடிகால் வழியே கடலுக்குத் திரும்ப அழைத்துப் போகின்றன.