மண்ணரணை 'மண்வேலை' என்பது தவறு

இங்கிலாந்து உள்நாட்டுப் போரின் (1642–1651) எச்சங்களைப் பற்றித் தமிழில் எழுத வருபவர்கள் 'மண்வேலைக் கோட்டை' என்றே எழுதுகிறார்கள். 'எர்த்வொர்க்' என்பதை இரண்டாக வெட்டி ஒட்டியது இது. தமிழில் மண்வேலை என்றால் ஏரி தூர்வாருவது, சாலைக்கு மண் அடிப்பது. கூலிக் கணக்கில் வரும் சொல். ஆங்கில 'வொர்க்' எழுந்து நிற்கும் கட்டுமானத்தையும் குறிக்கும். நம் 'வேலை' குறிக்காது.

இங்கிலாந்தின் நியூவார்க் நகரில் அந்தப் போர்க்காலத்தில் எழுந்த 'குயின்ஸ் ஸ்கான்ஸ்' என்ற அரணை எடுத்துக்கொள்வோம். ஸ்கான்ஸ் டச்சுச் சொல். தனித்து நிற்கும் சிற்றரண் என்று பொருள். சுவர்விளக்குத் தாங்கியைக் குறிக்கும் ஸ்கான்ஸ் பிரெஞ்சு வழி வந்த வேறு சொல்.

'மண்கோட்டை' போதாதா என்பார்கள். போதாது. பாஞ்சாலங்குறிச்சி மண்கோட்டை என்றதும் மண்சுவர்தான் கண்ணில் நிற்கும். இங்கே சுவரே கிடையாது. சுற்றிலும் அகழி வெட்டி, வெட்டிய மண்ணையே உட்புறம் சரிவாகக் குவித்து இறுக்கினார்கள். அகழி ஆழமாக ஆக, கரை உயரும். பீரங்கிக் குண்டு கல்மதிலைச் சிதறடிக்கும். இந்தச் சரிவிலோ புதைந்து அடங்கிவிடும். 'மண் அணை' ஈழப் போர்ச் செய்திகளில் பழகிய சொல், நல்ல சொல். ஆனால் அது நீளவாக்கில் ஓடும் தடுப்பு. குயின்ஸ் ஸ்கான்ஸ் நான்கு மூலையிலும் கொத்தளம் நீட்டிய நட்சத்திர வடிவம். ஏறத்தாழ 3 ஏக்கரை வளைத்து நிற்கிறது.

ஆகவே மண்ணரண். 'மணிநீரும் மண்ணும் மலையும்' என்று அரணின் உறுப்புகளை அடுக்கும் குறளில் (742) மண் வெட்டவெளி நிலம்தானே என்று கேட்கலாம். உண்மைதான், பரிமேலழகர் அப்படித்தான் உரை கொள்கிறார். ஆனால் மண்சுவர், மண்பானை என்று மண்ணால் ஆனதைச் சொல்லும் வழக்கு நம்மிடம் உயிரோடு இருக்கிறது. மண்ணரணும் அந்த வரிசைதான்.

இதைவிடக் கொடுமை, சட்டப் பாதுகாப்புப் பெற்ற இத்தகைய இடத்தைக் குறிக்கும் 'ஷெட்யூல்டு மான்யுமெண்ட்' என்பதை 'அட்டவணைப்படுத்தப்பட்ட நினைவுச்சின்னம்' என்று எழுதுவது. நினைவுச்சின்னம் என்று படித்தவர் அங்கே சிலையைத் தேடுவார். 'காப்புப் பட்டியலில் உள்ள தொல்லிடம்' என்றால் விளங்கிவிடும். பிரிட்டனின் 1979ஆம் ஆண்டுத் தொல்லிடப் பாதுகாப்புச் சட்டப்படி, அத்தகைய இடத்தில் அகழியைத் தூர்க்கவோ கரையைச் செதுக்கவோ முன்கூட்டியே எழுத்துமூலம் ஒப்புதல் வேண்டும். அனுமதியின்றி உலோகம் தேடும் கருவியைக் கொண்டுபோவதும் குற்றம். முயல் வளையும், புல் தேய்ந்த ஒற்றையடிப்பாதையுமே கரையைச் சரித்துவிடும். மொழிபெயர்ப்பாளர் அதை வெறும் 'மண்மேடு' என்று எழுதிவிட்டால், அதன்மேல் ஏறி நடக்கக் கூடாது என்று வாசகருக்கு ஏன் தோன்றப்போகிறது?