குழாய்க்குள் குடியேறும் ஈஸ்ட்

ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "ஐசியூவில் இருந்த அப்பாவுக்கு ரத்தத்தில் கேண்டிடா தொற்று என்றார்கள். மருந்து ஏற்றத் தொடங்கிய பிறகும், கழுத்து ரத்தநாளத்தில் செருகியிருந்த சென்ட்ரல் லைன் குழாயைக் கழற்றி வேறு இடத்தில் போட்டார்கள். மருந்துதான் போகிறதே, குழாயை ஏன் எடுக்க வேண்டும்?"

கேண்டிடா அல்பிகன்ஸ் ஒரு ஈஸ்ட். நம்மில் பலருடைய வாயிலும் குடலிலும் சத்தமில்லாமல் வாழ்கிறது. உடல் பலவீனப்பட்டால் உயிரையே எடுக்கும். உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட ஆபத்தான பூஞ்சைகளின் பட்டியலில், முதல் பிரிவில் இருக்கும் நான்கில் இதுவும் ஒன்று. பிளாஸ்டிக் குழாய் கிடைத்தால் அதற்குக் கொண்டாட்டம்தான். உருண்டை செல்கள் வந்து ஒட்டும், அப்புறம் நீண்ட இழைகளாக வளரும், பிறகு சுற்றிலும் சர்க்கரைச் சங்கிலிகளும் புரதங்களும் கலந்த ஒரு பிசினைச் சுரக்கும். ஒரு நாள் போதும், முதிர்ந்த உயிர்ப்படலம் தயார். இதற்கெல்லாம் வெளியிலிருந்து புது மரபணு எதுவும் வர வேண்டியதில்லை. உள்ளே இருக்கும் சுமார் 6,000 மரபணுக்களில் எவை இயங்குகின்றன, எவை அடங்கிக் கிடக்கின்றன என்பது மாறினால் போதும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம், உருண்டை செல் இழையாக மாறும் அந்தத் தருணம். சாதாரண நாட்களில் இழைக்கான மரபணுக்களை என்ஆர்ஜி1 என்ற புரதம் அடக்கி வைத்திருக்கிறது. அவற்றின் முன்பகுதி டிஎன்ஏவில் போய் உட்கார்ந்துகொள்ளும். அது இருக்கும்வரை மரபணு படிக்கப்படாது. 37 டிகிரி சூடு, நெரிசலில்லாத இடம் போன்ற சமிக்ஞைகள் வந்ததும் செல் இந்தப் புரதத்தை ஒழித்துக்கட்டுகிறது. ஆனால் கொஞ்ச நேரத்துக்குத்தான். சில மணி நேரத்தில் என்ஆர்ஜி1 மறுபடியும் செல்லுக்குள் சேர்ந்துவிடும். அப்படியானால் இழை வளர்ச்சி நின்றுபோக வேண்டுமல்லவா? நிற்பதில்லை!

காரணம், அந்தச் சிறு இடைவெளியில் நடக்கும் ஒரு வேலை. சுற்றியுள்ள சத்து குறைவாக இருந்தால் பிஆர்ஜி1 என்ற இன்னொரு புரதம் உற்பத்தியாகி, காலியான அந்த இடத்துக்கு ஹெச்டிஏ1 என்ற நொதியை அழைத்து வருகிறது. புரதங்களில் ஒட்டியிருக்கும் அசிட்டைல் என்ற சிறு வேதி ஒட்டுகளைப் பிய்ப்பது இந்த நொதியின் தொழில். அங்கே டிஎன்ஏவின் பொதியைத் தளர்வாக வைத்திருக்கும் ஒரு புரதக் குழு உண்டு. அந்தக் குழுவின் உறுப்பினர் ஒன்றிலிருந்து ஹெச்டிஏ1 ஒட்டைப் பிய்த்ததும், குழுவே அவ்விடத்தை விட்டு விலகுகிறது. டிஎன்ஏ சுற்றியிருக்கும் விதம் மாறி, என்ஆர்ஜி1 உட்காரும் இடம் மறைந்துபோகிறது. பூட்டைக் கழற்றிய நேரம் பார்த்து யாரோ நாதாங்கியைப் பெயர்த்துவிட்ட மாதிரி. பூட்டு திரும்பி வந்தாலும் மாட்ட இடமில்லை. சூடு போன்ற முதல் சமிக்ஞையும் வேண்டும், அந்த நேரத்துக்குள் சத்துக் குறைவு என்ற இரண்டாவதும் வர வேண்டும். இல்லாவிட்டால் செல் பழையபடி உருண்டைதான். மூளை என்ற ஒன்றே இல்லாத ஓர் உயிருக்கு இவ்வளவு நிதானம்!

இந்த பிஆர்ஜி1 தனி ஆளில்லை. 2012இல் சான் பிரான்சிஸ்கோவில், அலெக்சாண்டர் ஜான்சனின் ஆய்வகத்தில் கிளாரிசா நோபிலியும் உடன் பணிபுரிந்தவர்களும், மரபணுக்களை ஒழுங்குபடுத்தும் புரதம் ஒவ்வொன்றாக நீக்கிய 165 கேண்டிடா வகைகளை எடுத்து, படலம் உருவாகிறதா என்று சோதித்தார்கள். ஆறு புரதங்கள் சிக்கின: பிசிஆர்1, டெக்1, இஎஃப்ஜி1, என்டிடி80, ராப்1, பிஆர்ஜி1. இவை ஒன்றின் மரபணுவை மற்றொன்று கட்டுப்படுத்துகின்றன. ஏறத்தாழ ஆயிரம் மரபணுக்கள் இவற்றின் ஆளுகையில் வருகின்றன. ஒன்றை எடுத்துவிட்டாலும் படலம் சரியாக உருவாகாது. பிசிஆர்1 இல்லாத செல் இழை விடும், ஆனால் ஒட்டாது. ஏஎல்எஸ்3 என்ற ஒட்டுப் புரதத்தை மட்டும் கூடுதலாகச் சுரக்கவைத்தால் மறுபடி ஒட்டத் தொடங்குகிறது.

இதில் என்டிடி80தான் வேடிக்கை. ரொட்டி சுடும் ஈஸ்ட்டில் இதே புரதம் வித்து (ஸ்போர்) உருவாக்கத்தை நடத்துகிறது. பரிணாமம் அதைப் பிடித்து வேறு வேலையில் போட்டிருக்கிறது. ரொட்டி ஈஸ்ட்டின் வித்து உருவாக்கத்தை ஆராய்ந்தவர்களிடம் "இதனால் நோயாளிக்கு என்ன பயன்?" என்று கேட்டு நிதியை மறுத்திருந்தால், இந்த ஒப்பீட்டுக்கே வழியில்லை. உடனடிப் பயனைக் காட்டச் சொல்லி விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பும் குழுக்கள் மீது எனக்கு மரியாதை குறைவு.

சரி, குழாய்க்கு வருவோம். பிசினில் உள்ள பீட்டா குளுக்கான் என்ற சர்க்கரைச் சங்கிலி, ஃபுளுகோனசோல் என்ற பூஞ்சை மருந்தைச் செல்லுக்குப் போகவிடாமல் தன்னிடமே பிடித்து வைத்துக்கொள்கிறது. ஒட்டிய புதிதில் செல்கள் மருந்தை வெளியே தள்ளும் பம்புகளையும் கூடுதலாகத் தயாரிக்கின்றன. ரத்தத்தில் மிதக்கும் செல்லைக் கொல்லும் அளவு மருந்து, படலத்துக்குள் இருக்கும் செல்லை ஒன்றும் செய்யாமல் போவது இதனால்தான். எக்கினோகேண்டின் வகை மருந்துகள் கொஞ்சம் மேல். ஆனாலும் படலத்திலிருந்து உருண்டை செல்கள் பிரிந்து ரத்தத்தில் போய்க்கொண்டே இருக்கும். அவை சாதாரண ஈஸ்ட் செல்லைவிட நன்றாக ஒட்டக்கூடியவை. அப்படிப் பிரிவதைக் கூட்டுவதும் என்ஆர்ஜி1தான் என்று சோதனைகள் காட்டுகின்றன. ஆகவேதான் மருந்து ஏற்றியதோடு நிற்காமல் குழாயையும் எடுத்தார்கள்.

பல்செட் போடுபவர்களின் மேலண்ணம் சிவந்து எரிவதற்குப் பெரும்பாலும் இதே படலம்தான் காரணம். உடம்புச் சூடு என்று மோர் குடித்துவிட்டு, பல்செட்டை ராத்திரியும் வாயிலேயே வைத்திருப்பதில் பலனில்லை. கழற்றி, பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி வையுங்கள்.